தம்பி லடாக் போகிறான்: ஷூ, கையுறை எல்லாம் நாமே வாங்கித் தர வேண்டுமா, ராணுவ ஸ்டோரில் கொடுப்பது போதுமா?

ஆம்பூர் அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கும் பிரிவில் 11 வருடமாக வேலை செய்கிறேன். ஊர் குடியாத்தம் பக்கம். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு மிலிட்டரிக்காரர் வீடு இருக்கும். எங்கள் வீட்டில் மட்டும் தம்பிதான் முதல் ஆள். பயிற்சி முடிந்து ஒன்றரை வருடம் சமவெளியில் இருந்தான். இப்போது அவன் யூனிட் லடாக் பக்கம் ஏறப்போகிறது. எந்த யூனிட், எந்த இடம் என்று எழுத மாட்டேன், தயவுசெய்து கேட்காதீர்கள்.

போன மாதம் லீவில் வந்தவன் ஒரு நோட்டுத் தாளில் பட்டியல் எழுதி வைத்துவிட்டுப் போனான். பூட்ஸ் ஒரு ஜோடி, ஸ்லீப்பிங் பேக், கையுறை, தெர்மல் இரண்டு செட், பெரிய முதுகுப்பை, தலையில் மாட்டும் டார்ச். சீனியர் பையன்கள் சொன்னார்களாம், "ஸ்டோரில் கொடுப்பதை நம்பி மலை ஏறாதே, உன் காசில் நல்லதாக வாங்கிக்கொள்" என்று. அம்மா சீட்டு எடுத்து 30,000 ரூபாயைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டார். "நீ ஷூ கம்பெனியில்தானே இருக்கிறாய், உனக்குத் தெரியாதா" என்கிறார். எனக்கு ஷூ தெரியும், பனி தெரியாது.

அவன் வாசலில் கழற்றிப் போட்ட பூட்ஸை எடுத்துப் பார்த்தேன். தையல் ஒழுங்காகத்தான் இருந்தது, தோலும் மோசமில்லை. உள்ளே கையை விட்டால் சுண்டுவிரல் பக்கம் லைனிங் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. இன்சோலை, அதாவது பாதத்துக்கு அடியில் இருக்கும் உள் அட்டையை, உருவி வெளிச்சத்தில் பார்த்தேன். பெருவிரல் அச்சு இன்சோலின் விளிம்பைத் தாண்டிப் போயிருக்கிறது. அதாவது இவ்வளவு நாளும் விரலை மடக்கித்தான் நடந்திருக்கிறான். கேட்டதற்கு, "அன்றைக்கு 8 தான் கையில் இருந்தது, 9 வந்தால் மாற்றித் தருகிறோம் என்றார்கள். அப்புறம் நான் கேட்கவில்லை அக்கா" என்றான்.

2016 பிப்ரவரியில் சியாச்சின் பனிச்சரிவில் 10 பேர் இறந்தார்களே, அதில் 4 பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள், ஒருவர் எங்கள் வேலூர் மாவட்டம். அந்தச் செய்தி வந்த நாட்களில் அம்மா டிவியை அணைக்கவே விடவில்லை. இப்போது லடாக் என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்குத் தூக்கம் போய்விடுகிறது.

எனக்குத் தெரிய வேண்டியது: எதை வாங்க வேண்டும், எதை வாங்கவே கூடாது? சொந்தமாக வாங்கியதைப் போட்டால் மேலே இருப்பவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்களா? இன்னொன்று, எங்கள் மாமா ஆன்லைனில் ஏதோ புல்லட் புரூஃப் என்று போட்டிருக்கும் வெஸ்ட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார், 9,000 ரூபாய். அதையும் அனுப்பலாமா?

ஜவ்வாது மலை:

தங்கச்சி, நான் 28 வருடம் சர்வீஸ் முடித்து சுபேதாராக வெளியே வந்தவன். அதில் இரண்டரை வருடம் சி.க்யூ.எம்.எச். ஆக இருந்தேன், அதாவது கம்பெனி ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் ஹவில்தார். சாமான் கேட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றதும் உண்டு, உள்ளே உட்கார்ந்து எடுத்துக் கொடுத்ததும் உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் அம்மாவின் 30,000த்தைத் திருப்பிப் பெட்டியில் வை. ஸ்லீப்பிங் பேக், பெரிய முதுகுப்பை, மேலே போடும் பனிக் கோட்டு எதையும் வாங்காதே. தம்பி இப்போது வைத்திருப்பது சமவெளிக்கான பெர்சனல் கிட். மலைக்கான துணிமணி தனி, அது மேலே போகும்போதுதான் வரும். கையெழுத்துப் போட்டு வாங்கி, இறங்கும்போது பெரும்பாலானதைத் திருப்பித் தர வேண்டும். அவன் இன்னும் அதைக் கண்ணால் பார்க்கவே இல்லை, அதனால்தான் இல்லை என்று நினைக்கிறான். லே 11,500 அடி உயரம். போய் இறங்கியதும் யாரையும் அப்படியே மேலே ஏற்ற மாட்டார்கள். 9,000 அடிக்கு மேல் முதல் கட்டமாக 6 நாள் இருந்து உடம்பு பழக வேண்டும். 12,000 தாண்டினால் இன்னும் 4 நாள், 15,000 தாண்டினால் மறுபடி 4 நாள். மேலே ஏறுவதற்கு முன் சாமான்களைப் போட்டுப் பார்த்து மாற்றிக்கொள்ள இந்த நாட்களை விட்டால் வேறு நேரம் கிடைக்காது. பையன்கள் அந்த நாட்களில் போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்கள்.

சீனியர்கள் சொன்னதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைத்த தலைமைக் கணக்குத் தணிக்கை அறிக்கையிலேயே இருக்கிறது. பனிக் கண்ணாடிக்கு 62 முதல் 98 சதவீதம் வரை பற்றாக்குறை. 2015 நவம்பரிலிருந்து 2016 செப்டம்பர் வரை பல்நோக்கு பூட்ஸ் கிடைக்காமல், பழைய பூட்ஸையே சரிசெய்து திரும்பப் போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் மேலே இருந்தவன் இன்றைக்கு நாயக்காகவோ ஹவில்தாராகவோ இருப்பான். அவன் வாயிலிருந்து "ஸ்டோரை நம்பாதே" என்பது வந்தால் அது பட்டறிவுதான். ஆனால் அதற்கு மருந்து பஜார் இல்லை.

நானே பட்டிருக்கிறேன். சிப்பாயாக இருந்த நான்காம் வருடம், ஒரு கன்டோன்மென்ட் பஜாரில் இரண்டு மாதச் சேமிப்பைக் கொடுத்து ஒரு பூட்ஸ் வாங்கினேன். பார்க்க அவ்வளவு அழகு, உள்ளே பஞ்சு வைத்தது, எடையும் குறைவு. மூன்றாம் மாதம் ஒரு பேட்ரோலில், முகாமிலிருந்து ஒரு நாள் நடை தூரத்தில், வலது கால் சோல் முன்பக்கம் வாயைத் திறந்தது. மதியத்துக்குள் குதிகால்வரை கழன்றுவிட்டது. கூடாரக் கயிற்றை அறுத்து, பாதத்தைச் சுற்றி எட்டுக் கட்டுக் கட்டிக்கொண்டு நடந்தேன். கட்டுக் கயிற்றில் பனி உருண்டையாகச் சேரும், நூறு அடிக்கு ஒருமுறை உட்கார்ந்து தட்ட வேண்டும். எனக்காக ஒன்பது பேர் நின்றார்கள். ஸ்டோர் பூட்ஸாக இருந்தால் மறுநாளே வேறு ஜோடி வாங்கியிருப்பேன். சொந்தப் பூட்ஸுக்கு யாரிடம் போய்க் கேட்பது?

சரி, சைஸ் விஷயத்துக்கு வருகிறேன். நீ இன்சோலைப் பார்த்துக் கண்டுபிடித்ததுதான் இதில் முக்கியமான செய்தி. ஒவ்வொரு கம்பெனியிலும் சைஸ் ரோல் என்று ஒரு பட்டியல் உண்டு. ஆள் பெயருக்கு எதிரே பூட்ஸ், தொப்பி, சட்டை எல்லாவற்றின் அளவும் இருக்கும். மேலே தேவை எழுதி அனுப்புவது அதை வைத்துத்தான். பையன் 18, 19 வயதில் சேரும்போது சொன்ன அளவு அதில் ஏறியிருக்கும். பாரம் தூக்கி இரண்டு வருடம் ஓடினால் பாதம் அகலும், யாரும் போய்த் திருத்த மாட்டார்கள். தம்பி பெயருக்கு எதிரே 8 என்று இருக்கிற வரைக்கும் பனி பூட்ஸும் 8 தான் வரும். அதற்குள் கம்பளிச் சாக்ஸ் போட்டால் கால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் ஸ்டோரில் இருந்தபோது ஒரு நாளில் 100 பேருக்கு மேல் பூட்ஸ் கொடுத்திருக்கிறேன். "பத்தாது சாப்" என்று திரும்பி வந்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான். மீதிப் பேருக்கு எல்லாம் சரியாக இருந்தது என்று அப்போது நம்பினேன். இப்போது நினைத்தால் மனது கனக்கிறது. எங்கள் பிள்ளைகள் கேட்கக் கூச்சப்படுவார்கள், அதுவும் இந்தி தடுமாறும் புதுப் பையன் கேட்கவே மாட்டான். தம்பியிடம் சொல், சி.க்யூ.எம்.எச். மாலையில் சும்மா இருக்கும் நேரம் பார்த்துப் போய், "சாப், என் சைஸ் ரோலில் 9 என்று மாற்றி எழுதுங்கள்" என்று நின்று கேட்கட்டும். கோபிக்க மாட்டார்கள்.

வாங்க வேண்டியவை: நல்ல கம்பளிச் சாக்ஸ், தடித்த கையுறைக்கு உள்ளே போடும் மெல்லிய கம்பளிக் கையுறை, ஒரு ஹெட்லேம்ப், உதட்டுக்கும் முகத்துக்கும் கிரீம். சாக்ஸ் எத்தனை கொடுத்தாலும் பத்தாது. இதையெல்லாம் போட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், வெளியே தெரியாதே. வெளியே தெரிவது யூனிஃபார்ம் மட்டும். 2022 ஜனவரி 15 அன்று தரைப்படை நாள் அணிவகுப்பில் காட்டிய புது டிசைன் யூனிஃபார்ம் துணி, நிஃப்ட் என்ற ஃபேஷன் கல்வி நிறுவனம் உருவாக்கியது, டிசைன் உரிமையும் ராணுவத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது. கடையில் தொங்குவதெல்லாம் நகல். அதை வாங்கிக் கொடுத்து அவனை மாட்டிவிடாதே.

மாமாவின் வெஸ்ட் வேண்டவே வேண்டாம். 9,000 ரூபாய்க்கு வருவது வெறும் துணிப்பை, அதிகம் போனால் உள்ளே ஒரு இரும்புத் தகடு இருக்கும். இரும்பில் பட்ட குண்டு சிதறித் தாடைக்கும் கழுத்துக்கும் போகும். 2018 ஏப்ரலில் 1,86,138 புல்லட் புரூஃப் ஜாக்கெட்டுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 2009இல் ஒப்புதல் ஆனது ஒப்பந்தமாக ஒன்பது வருடம் ஆனது என்பது எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் அது சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்த சாமான். உயிரைக் காக்கிற சாமானை ஆன்லைனில் வாங்காதே.

சுக்மா ரோடு:

சுபேதார் ஐயாவுக்கு வணக்கம். நான் மத்தியப் படை ஒன்றில் ஒன்பது வருடம் சத்தீஸ்கர் காட்டில் இருந்தேன். ஐயா சொல்வது பனிமலைக்குச் சரி. எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தாது.

காட்டில் எங்கள் கஷ்டம் ஈரம். மூன்று நாள் ஆபரேஷன் போனால் முதல் நாள் காலையிலேயே இரண்டு ஓடை கடந்திருப்போம். கொடுத்த பூட்ஸைத் தண்ணீர் குடித்த பிறகு ஒருமுறை கேம்ப் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், ஜோடி 2 கிலோ 300 கிராம். நான் ராய்ப்பூரில் வாங்கிய வலைத்துணி ஷூ நனைந்த பிறகும் 1 கிலோவுக்குக் கீழேதான். ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர் நடக்கிறவன் காலில் அந்த வித்தியாசம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் கமாண்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுவிட்டார். அவரும் சொந்த ஷூதான்.

நானும் ஒரு தப்புச் செய்தேன். முதலில் வாங்கியது வாட்டர் புரூஃப் என்று போட்டிருந்த விலை அதிகமான மலையேற்ற ஷூ. மேலே வரை தண்ணீர் இருக்கும் ஓடையில் இறங்கினால் வாட்டர் புரூஃப் என்ன செய்யும்? வாய் வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. நடக்க நடக்கச் சளக் சளக் என்று சத்தம், இரவில் அந்தச் சத்தம் எவ்வளவு ஆபத்து. மூன்றாம் நாள் கழற்றினால் உள்ளங்கால் வெள்ளையாக ஊறி, தோல் பாளம் பாளமாக வந்தது. காட்டுக்குத் தண்ணீர் ஓடிவிடும் ஷூதான் வேண்டும்.

ஆனால் நான் இங்கே எழுத வந்தது வேறு. எங்கள் செக்‌ஷனில் சொந்த ஷூ வாங்க முடிந்தது நாலைந்து பேருக்குத்தான். விழுப்புரம் பக்கத்துப் பையன் ஒருவன், அப்பா இல்லை, இரண்டு தங்கைகள். சம்பளம் வந்த அன்றே 500 ரூபாயை வைத்துக்கொண்டு மீதியை வீட்டுக்கு அனுப்பிவிடுவான். அவனுக்கு எப்போதும் கொடுத்த பூட்ஸ்தான். நடையில் கடைசியில் வருவதும் அவன்தான், மெதுவாக நடக்கிறான் என்று திட்டு வாங்குவதும் அவன்தான். ஒரே சண்டைக்குப் போகிற பத்துப் பேரில் வீட்டில் காசு இருப்பவன் காலும் இல்லாதவன் காலும் வேறு வேறாக இருக்கக் கூடாது. எங்களுக்குச் சொந்த ஷூ ஒத்துப்போனதால் யாரும் மேலே புகார் எழுதவில்லை. எழுதாததால் பூட்ஸ் மாறவில்லை. நாங்கள் வாங்கிக்கொண்டதே அவனுக்குக் கெடுதலாகப் போயிற்று என்று இப்போது தோன்றுகிறது.

அமெரிக்காவில் ஈராக் போர் சமயம் பிள்ளைகளுக்குக் கவச உடையைப் பெற்றவர்களே வாங்கி அனுப்பினார்கள். 2004இல் அவர்கள் நாடாளுமன்றம், அப்படி வாங்கியதற்கு ஒரு பொருளுக்கு 1,100 டாலர் வரை திருப்பித் தர வேண்டும் என்று சட்டமே போட்டது. நம் ஊரிலும் அந்த மாதிரி ஒரு வழி வேண்டும்.

ஜவ்வாது மலை:

சுக்மா ரோடு தம்பி, நீ அந்த விழுப்புரம் பையனைப் பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நீ சொல்வது நியாயம். காட்டு ஷூ விஷயத்தில் உன் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை, நான் அங்கே நடந்தவன் இல்லை.

அமெரிக்கா பற்றி ஒன்று சேர்க்கிறேன். அதே ராணுவம் 2006 மார்ச்சில், சொந்தமாக வாங்கிய கவச உடையை யாரும் போடக் கூடாது என்று உத்தரவு போட்டது. சோதித்துப் பார்க்காததை நம்பிப் போகக் கூடாது என்பதுதான் காரணம். சாக்ஸில் தப்பு நடந்தால் கொப்புளத்தோடு போகும், கவசத்தில் தப்பு நடந்தால் ஆளே போய்விடுவான். அதனால்தான் தங்கச்சியின் மாமாவை நான் அவ்வளவு அழுத்தித் தடுத்தேன்.

வார்டு நம்பர் 4:

நான் ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டன்டாக 17 வருடம் இருந்தவன், இப்போது திருச்சியில் இருக்கிறேன். இங்கே யாரும் தெர்மலைப் பற்றிப் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். அக்காவின் பட்டியலில் எனக்குப் பயமாக இருப்பது அதுதான்.

மேலே பங்கருக்குள் குளிருக்குப் புகாரி இருக்கும். மண்ணெண்ணெயில் எரியும் தகர அடுப்பு, கூரை வழியாகப் புகைக்குழாய். ஆறு பேர் படுக்கும் இடத்தில் அது நடுவில் இருக்கும், யாரும் அதிலிருந்து ஒரு கை தூரத்துக்கு மேல் தள்ளிப் படுக்க முடியாது. ஒரு ஜனவரி இரவு, அணைக்காமலே எண்ணெய் ஊற்றப்போன ஒரு பையனின் முழங்கையில் தீ பிடித்தது. கூட இருந்தவன் கம்பளியைப் போட்டு அமுக்கிவிட்டான், பத்து விநாடிகூட இருக்காது. மேலே போட்டிருந்த கம்பளி ஸ்வெட்டர் கருகி அப்படியே நின்றுவிட்டது. உள்ளே போட்டிருந்தது பஜாரில் வாங்கிய பளபளப்பான தெர்மல். அது உருகியிருந்தது. நான் டார்ச் அடித்துப் பார்த்தபோது துணி எது, தோல் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒட்டியதை உரிக்கக் கூடாது, அப்படியே குளிர்வித்து, சுத்தமான துணி சுற்றிக் கீழே அனுப்ப வேண்டும். வானிலை சரியில்லாததால் ஹெலிகாப்டர் வர ஒன்றரை நாள் ஆனது. அந்தப் பையன் அந்தத் தெர்மலை அம்மா கொடுத்த காசில் வாங்கினதாகச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

இதே காரணத்துக்காகத்தான் 2006இல் ஈராக்கில் அமெரிக்க மரைன்கள் கேம்பை விட்டு வெளியே போகும்போது செயற்கை நூல் பனியன் போடக் கூடாது என்று தடை வந்தது. ஆகவே அக்கா, தோலை ஒட்டிப் போடுவதை வாங்குவதானால் கம்பளியில் வாங்குங்கள். மெரினோ என்று கேட்டால் கிடைக்கும், அரிக்காது. துணியின் லேபிளைப் படியுங்கள், பாலியஸ்டர் நைலான் என்று அதிகம் இருந்தால் வைத்துவிடுங்கள். ஸ்டோரில் கொடுத்த உள்ளாடை எதுவாக இருந்தாலும், புகாரிக்கு எண்ணெய் ஊற்றும்போது அணைத்துவிட்டு ஊற்றச் சொல்லுங்கள். புகைக்குழாய் பனியில் அடைத்திருக்கிறதா என்று தினமும் பார்க்கச் சொல்லுங்கள். அடைத்தால் வரும் வாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும்.

இறுக்கமான பூட்ஸ் பற்றி: பனிக்கடிக்கு நான் பார்த்த கால்களில் பாதி, சாக்ஸ் கூடுதலாகப் போட்ட கால்கள். குளிரும் என்று பயந்து மூன்று ஜோடி சாக்ஸைத் திணிப்பார்கள். ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடினால்தானே சூடு. விரலை உள்ளே பியானோ வாசிப்பது மாதிரி ஆட்ட முடிய வேண்டும், அதுதான் கணக்கு. மரத்துப்போனால் பனியைத் தேய்க்கக் கூடாது, காலைப் புகாரி மேல் நீட்டவும் கூடாது, உணர்ச்சி இல்லாத கால் வெந்தாலும் தெரியாது. 1982 ஃபாக்லண்ட் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு அவர்கள் போட்டிருந்த டி.எம்.எஸ். என்ற வகை பூட்ஸ் தண்ணீரை உள்ளே விட்டதால் கால் ஊறி நோய் வந்தது, பலர் எதிரியின் பூட்ஸை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். உறையாத குளிரிலேயே அப்படி என்றால் லடாக்கை நினைத்துப் பாருங்கள். இரவு படுக்குமுன் காய்ந்த சாக்ஸ் மாற்றுவது மாத்திரை சாப்பிடுவதைப் போல. ஈரச் சாக்ஸை உடம்போடு, பனியனுக்குள் வைத்துப் படுத்தால் காலைக்குள் காய்ந்துவிடும்.

ஆம்பூர் அக்கா:

எல்லோருக்கும் கை கூப்பி நன்றி. வார்டு நம்பர் 4 அண்ணா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை, தம்பிக்கு அனுப்பிவிட்டேன்.

அவனிடம் ஒரு வேலை வாங்கினேன். சாயங்காலம், பரேடெல்லாம் முடிந்த பிறகு, செய்தித்தாளில் இரண்டு காலையும் ஊன்றி நின்று, பக்கத்தில் இருப்பவனை விட்டுப் பேனாவை நேராகப் பிடித்துச் சுற்றி வரையச் சொன்னேன். காலையில் வரைந்தால் அளவு குறைவாக வரும், கால் பகலெல்லாம் வீங்கும். உட்கார்ந்து வரைந்தாலும் தப்பு, பாரம் இறங்கினால்தான் பாதம் விரியும். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து அனுப்பினான். பார்த்தால் இடது கால் வலதைவிட 4 மில்லிமீட்டர் நீளம், அது அரை சைஸ். பிரிட்டிஷ் அளவில் ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் 8.46 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். கம்பளிச் சாக்ஸும் சேர்த்தால் 9 கட்டாயம் வேண்டும், பனி பூட்ஸ் ஒன்பதரை கிடைத்தாலும் நல்லது. வாழ்க்கையெல்லாம் எட்டு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

சுபேதார் ஐயா, உங்கள் சோல் கழன்ற கதைக்கு எனக்குக் காரணம் தெரியும். எடை குறைவு, மெத்தென்று இருந்தது என்றீர்களே, அது பெரும்பாலும் பாலியூரிதேன் என்ற நுரைப் பிளாஸ்டிக் சோலாக இருக்கும். ஈரக்காற்று அதை உள்ளிருந்தே உடைத்துவிடும். நான்கைந்து வருடம் கடைப் பெட்டியில் சும்மா கிடந்தாலே போதும், வெளியே புதிதாக மின்னும், காலில் போட்டு நடந்தால் கேக் மாதிரி உதிரும். எங்கள் கம்பெனிக்குத் திரும்பி வரும் பழைய சரக்கில் விரலால் அழுத்தினாலே தூளாகி வருவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் யார் எங்கே பூட்ஸ் வாங்கினாலும் நாக்கின் உள்பக்கம் தயாரித்த மாதம், வருடம் இருக்கிறதா என்று பாருங்கள். சோலின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். பள்ளம் நிமிராமல் நின்றாலோ, தூள் ஒட்டினாலோ வேண்டாம்.

சுக்மா ரோடு அண்ணா, நான் தைக்கிறவள். பூட்ஸ் யாருக்குப் போகிறது என்று எங்களுக்குத் தெரியாது, ஒரு நாளைக்கு இத்தனை ஜோடி என்ற கணக்குத்தான் தெரியும். நீங்கள் சொன்ன அந்தத் தம்பிக்குச் சரியான ஷூ கிடைத்ததா, கடைசியில்?

பணத்தைப் பற்றி ஒரு சந்தேகம். உடுப்புக்கென்று தனியாக ஏதோ படி வரும் என்கிறார்கள், தம்பிக்கு அது எதற்கு என்றே தெரியவில்லை.

பே புக்:

நான் யூனிட்டில் கிளார்க்காக இருந்தவன். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 2017 ஜூலையிலிருந்து டிரஸ் அலவன்ஸ் என்று ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். சிப்பாய் முதல் சுபேதார் போன்ற ஜே.சி.ஓ.க்கள் வரை வருடத்துக்கு 10,000, அதிகாரிகளுக்கு 20,000 என்று ஆரம்பித்தது. அகவிலைப்படி 50 சதவீதம் ஏறும்போது இதுவும் 25 சதவீதம் ஏறும். ஜூலைச் சம்பளத்தோடு மொத்தமாக வரும். முன்பு தனித்தனியாக இருந்த சலவை, ஷூ, கிட் பராமரிப்புப் படியெல்லாம் இதற்குள் அடக்கம். அதிகாரிகள் யூனிஃபார்மைச் சொந்தமாக வாங்க வேண்டும். சிப்பாய்க்கு அடிப்படைக் கிட் ஸ்டோரிலிருந்துதான் வர வேண்டும், அதை இந்தப் படியில் வாங்கிக்கொள் என்று யாராவது சொன்னால் தம்பி ஒத்துக்கொள்ளக் கூடாது. சாக்ஸுக்கும் கையுறைக்கும் இந்தப் பணமே போதும், அம்மாவின் சீட்டுப் பணத்தைத் தொட வேண்டியதில்லை.

பார்சல் அனுப்பும்போது தபால் நிலையத்தில் ஸ்பீடு போஸ்டில் போடுங்கள். 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் நிலைய முகவரிக்குத் தனியார் கூரியர் போகாது.

சுக்மா ரோடு:

அக்கா, அவனுக்குக் கிடைத்தது. நான் மாற்றலாகிப் போகும்போது என்னுடையதைக் கொடுத்துவிட்டுப் போனேன். அவனுக்கு ஒரு சைஸ் பெரிது, முன்னால் துணி வைத்துப் போட்டுக்கொண்டான்.

ஆம்பூர் அக்கா:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். என்ன நடந்தது என்று சொல்லாமல் விட்டால் தப்பு.

தம்பி போய் நின்று கேட்டிருக்கிறான். ஹவில்தார் அவன் கொண்டுபோன செய்தித்தாள் அச்சைத் தரையில் விரித்து, பூட்ஸை அதன் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, அங்கேயே 8 என்பதை அடித்து 9 என்று எழுதினாராம். அடுத்த நாள் மாலை ரோல்காலில், எல்லோரையும் இதே மாதிரி கால் வரைந்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அவர்கள் பிளட்டூனில் மட்டும் 11 பேருக்கு அளவு மாறியிருக்கிறதாம்.

நான் வாங்கியது: கம்பளிச் சாக்ஸ் ஆறு ஜோடி, மெல்லிய கம்பளிக் கையுறை இரண்டு, மெரினோ பனியன் ஒன்று, ஹெட்லேம்ப், உதட்டுக்குப் பூசும் களிம்பு. எல்லாம் சேர்த்து 9,200 ரூபாய், தம்பி தன் படியிலிருந்தே அனுப்பிவிட்டான். அம்மா அந்த 30,000த்தைப் பெட்டியில் வைத்துவிட்டார். அவர் திருப்திக்கு முறுக்கும் பொரிவிளங்காய் உருண்டையும் பார்சலில் வைத்தேன். மாமா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், சுபேதார் ஐயா எழுதியதைக் காட்டியதும் சரி என்றார்.

நேற்று லேயிலிருந்து பேசினான். மூச்சு கொஞ்சம் வாங்குகிறது, தலைவலி இல்லை, ஐந்தாம் நாள். பனி பூட்ஸ் கொடுத்துவிட்டார்களாம், ஒன்பதரை. போட்டு நடந்து பார்த்து, விரலை ஆட்டிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன் என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அக்கா, பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன், ஒடிசாக்காரன், அவனுக்கு வீட்டிலிருந்து ஒன்றும் வராது. சாக்ஸ் நாலு ஜோடி அனுப்ப முடியுமா? அவன் கால் 7" என்றான்.

வரைந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.